ஜப்பானியப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம்: எந்த விளையாட்டு உதவும், எது வெறும் கூத்து?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வரும் ஏப்ரலில் ஜப்பானில் ஒரு சூகக்கோவில், அதாவது நம் கணக்கில் 7 முதல் 9 வரையான வகுப்புகள் உள்ள பள்ளியில், உதவி ஆங்கில ஆசிரியராகச் சேர இருக்கிறீர்கள். இணையத்தில் விளையாட்டுகளும் பயிற்சித்தாள்களும் மலைபோலக் குவிந்திருக்கின்றன. இலக்கணம் சொல்லிக்கொடுக்க அவற்றில் எதை எடுப்பது, எதை விடுவது?

முதலில் விளையாட்டைத் தேடாதீர்கள். அந்தப் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்று பாருங்கள், அதற்கு ஏற்ற விளையாட்டு பிறகு தானாகக் கிடைக்கும். கையில் எந்த விளையாட்டு கிடைத்தாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அன்றைய இலக்கணத்தைப் புரிந்துகொள்ளாமலேயே ஒரு பையன் இதில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அது பொழுதுபோக்கு. வெள்ளிக்கிழமை ஆறாவது பீரியடுக்குப் பொழுதுபோக்கும் தேவைதான், அதில் குற்றமில்லை. ஆனால் அதை இலக்கணப் பாடம் என்று எண்ணி ஏமாறக் கூடாது. இணையத்தில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடும்.

நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரலிலிருந்து தொடக்கப்பள்ளியின் 5, 6ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடம், ஆண்டுக்கு 70 பீரியட். 3, 4ஆம் வகுப்புகளில் 35 பீரியட், பாட்டும் ஆட்டமுமாக. எனவே உங்களிடம் வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் புதிதல்ல. 'ஐ லைக்', 'ஐ கேன்', 'ஐ வான்ட் டு' எல்லாம் வாயில் வரும். ஆனால் அவற்றை முழுத்துண்டாக மனப்பாடம் செய்திருப்பார்களே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். சூகக்கோவில் ஆண்டுக்கு 140 பீரியட், ஒவ்வொன்றும் 50 நிமிடம். 2021இல் பாடத்திட்டம் மாறியபோது, முன்பு உயர்நிலைப் பள்ளியில் இருந்த 'ஐ விஷ் ஐ வேர்' வகை வாக்கியங்களும் 'ஹேவ் பீன் டூயிங்' வடிவமும் கீழே இறங்கி வந்துவிட்டன. மூன்றாம் ஆண்டின் கடைசியில் உயர்நிலைப் பள்ளி நுழைவுத்தேர்வு. ஆக, பாடம் நடத்தும் ஜப்பானிய ஆசிரியருக்கு நேரம் எப்போதும் போதாது. 50 நிமிடத்தில் உங்கள் கைக்கு வருவது பல நாள் பத்துப் பதினைந்து நிமிடம்தான். விதியைச் சொல்லி விளக்கவே ஐந்து நிமிடம் பிடிக்கும் விளையாட்டு அங்கே கட்டுப்படியாகாது.

இனி பிழைகளுக்கு வருவோம். தமிழர் என்பதால் உங்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. ஜப்பானிய மொழியிலும் வினை கடைசியில்தான் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், எழுவாயைச் சொல்லாமல் விடலாம். கேள்விக்குக் கடைசியில் ஒரு 'கா' சேர்த்தால் போதும், நாம் 'ஆ' சேர்ப்பது மாதிரி. அமெரிக்காவிலிருந்து வரும் சக ஆசிரியருக்கு விளங்காத பிழை உங்களுக்குப் பார்த்தவுடன் விளங்கும்.

முதல் ஆண்டில் எங்கும் காணக்கூடிய பிழை 'ஐ ஆம் ப்ளே சாக்கர்'. காரணம் எளிது. 'வதாஷி வா' என்று தொடங்கித்தான் தன்னைப் பற்றிய வாக்கியத்தைச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். அந்த 'வா' வெறும் 'இதைப் பற்றிப் பேசுகிறேன்' என்ற அடையாளம்தான். பிள்ளைகள் அதை 'ஆம்', 'இஸ்' என்பவற்றோடு ஒட்டிவிடுகிறார்கள். உணவகத்தில் ஒருவர் 'போகு வா உனாகி தா' என்று சொன்னால் தனக்கு விலாங்குமீன் வேண்டும் என்று பொருள். அதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால் 'நான் ஒரு விலாங்குமீன்' என்றாகிவிடும். இலக்கண ஆய்வாளர்கள் பல காலமாக உருட்டிக்கொண்டிருக்கும் வாக்கியம் இது. இதையே ஒரு பயிற்சித்தாளாக்கலாம்: மேலே விலாங்கு படமும் 'ஐ ஆம் அன் ஈல்' என்ற வரியும், கீழே இதே பாணியில் ஆறு அபத்த வாக்கியங்கள், ஒவ்வொன்றையும் திருத்த வேண்டும். 'டோக்கியோ இஸ் மெனி பீப்பிள்', 'எலிஃபன்ட் இஸ் லாங் நோஸ்' இரண்டும் அதில் இருக்கட்டும், ஏனென்றால் அவர்கள் நிஜமாகவே எழுதும் வாக்கியங்கள் அவை. சிரித்துக்கொண்டே திருத்துவார்கள்.

விளையாட்டு என்றால், 'ஆம் ஐ' வகைக் கேள்வியும் 'டு ஐ' வகைக் கேள்வியும் கலந்து வந்தே ஆக வேண்டிய ஒன்றை எடுங்கள். பாடநூலில் இவை தனித்தனி அலகுகள், அந்தந்த அலகில் எல்லோரும் சரியாகவே எழுதுவார்கள். இரண்டும் கலக்கும் இடத்தில்தான் சரிவு. நெற்றியில் ஒட்டும் சீட்டு விளையாட்டு இதற்குச் சரியாகப் பொருந்தும். ஒருவர் நெற்றியில் திமிங்கலம், தான் யார் என்று அவருக்குத் தெரியாது. 'ஆம் ஐ பிக்?', 'டு ஐ லிவ் இன் தி சீ?', 'ஆம் ஐ எ ஃபிஷ்?', 'டு ஐ ஈட் ஃபிஷ்?' என்று கேட்டுக் கேட்டு நெருங்க வேண்டும். ஒரு சின்ன விதி சேர்த்துக்கொள்ளுங்கள்: 'ஆம்'மில் ஒரு கேள்வி கேட்டால் அடுத்தது 'டு'வில்தான். இது இல்லாவிட்டால் கெட்டிக்காரப் பையன் 'ஆம் ஐ எ டாக்? ஆம் ஐ எ கேட்?' என்று விலங்குப் பட்டியலைப் படித்தே முடித்துவிடுவான்.

அடுத்து ஆசிரியர் அறையில் அடிக்கடி காதில் விழும் சொல் 'சன்தன்கென்'. படர்க்கை, ஒருமை, நிகழ்காலம் மூன்றையும் சுருக்கிய பெயர், அதாவது 'ஷி ப்ளேஸ்' என்பதில் வரும் அந்த 'ஸ்'. இதற்கு எல்லோரும் தூக்கிவருவது பேட்டி பிங்கோ. கட்டம் போட்ட தாளோடு வகுப்பு முழுக்கச் சுற்றி, 'டு யூ லைக் நாத்தோ?' என்று கேட்டு (நாத்தோ என்பது நொதிக்கவைத்த சோயா), ஆமென்பவரிடம் கையெழுத்து வாங்குவது. அறை கலகலவென்று இருக்கும், ஆசிரியருக்கும் மனம் நிறையும். ஆனால் கவனியுங்கள், அதில் படர்க்கையே இல்லை! கேட்பவரும் பதில் சொல்பவரும் 'யூ', 'ஐ' என்றே பேசுகிறார்கள். மூன்றாவது நிமிடத்துக்குப் பிறகு பையன்கள் கேள்வியையும் விட்டுவிட்டு 'நாத்தோ? நாத்தோ?' என்று ஓடுவார்கள்.

படர்க்கை வர வேண்டுமென்றால் அங்கே இல்லாத ஓர் ஆளைப் பற்றிப் பேச வேண்டும். பிள்ளைகளுக்கு எப்போதும் ஆர்வம் குறையாத ஆட்கள் அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள்தான். முன்கூட்டியே தலைமையாசிரியர், விளையாட்டு ஆசிரியர், நர்ஸ் டீச்சர் என்று ஆறு பேரிடம் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு, சின்னச் சின்னத் தகவல்களைத் திரட்டிக்கொள்ளுங்கள்: எத்தனை மணிக்கு எழுகிறார், எந்த வாத்தியம் வாசிக்கிறார், காப்பியா டீயா. ஒவ்வொரு குழுவுக்கும் தகவலில் ஒரு பகுதி மட்டும் உள்ள தாள். மற்ற குழுவிடம் 'டஸ் ஹி கெட் அப் அட் ஃபைவ்?' என்று கேட்டுத்தான் பெயரைக் கண்டுபிடிக்க முடியும். கடைசியில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து நான்கு வரி எழுத வேண்டும். அந்த நான்கு வரியில்தான் 'ஸ்' வருகிறதா இல்லையா என்பது தெரியும். தலைமையாசிரியர் தாளத்தோடு டிரம்ஸ் அடிப்பவர் என்று தெரிந்தால், மறுநாள் வராந்தாவில் அவரைப் பார்த்து ஆங்கிலத்திலேயே கேட்பார்கள். வேறெந்தப் பரிசும் தேவையில்லை.

இந்த 'ஸ்' விஷயத்தில் இன்னொன்று. மெய்யெழுத்தில் முடியும் சொல்லுக்குப் பின் உயிரோசை சேர்ப்பது அவர்கள் பழக்கம், நாமும் 'பஸ்ஸு' என்கிறவர்கள்தானே. அவசரமாகப் பேசும் விளையாட்டில் அந்த 'ஸ்' சொன்னார்களா விட்டார்களா என்று உங்கள் காதுக்கே பிடிபடாது. எனவே 'ஸ்', 'எட்' போன்ற வால்களைச் சோதிக்கும் விளையாட்டில் எங்காவது எழுத்து இருந்தே தீர வேண்டும். வாயால் மட்டும் ஆடுவது வீண். 'டஸ் ஷி லைக்ஸ்' என்று இரண்டு இடத்திலும் 'ஸ்' போடும் பிழைக்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது: 'ஸ்' என்று எழுதிய ஒரே ஒரு காந்தத் துண்டைக் கரும்பலகையில் ஒட்டி, கேள்வியாக்கும்போது அதை வினையிலிருந்து பிடுங்கி 'டு'வுக்கு நகர்த்திக் காட்டுவது. ஜப்பானியப் பள்ளிக் கரும்பலகைகள் காந்தம் ஒட்டக்கூடியவை. துண்டு ஒன்றுதான் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதிப் பேருக்கு அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

சொல் வரிசைக்கு வருவோம். விளையாட்டைவிடப் பயிற்சித்தாளுக்கு இங்கே வேலை அதிகம். கியோத்தோ பல்கலைக்கழகத்தில் இருந்த அகிரா தாஜினோ 'இமிஜுன்' என்ற முறையைப் பரப்பினார். யார், செய்கிறார், யாரை அல்லது எதை, எங்கே, எப்போது என்று பெட்டிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் உரிய சொல்லை இடுவது. வினைச்சொல் என்பது என்ன, செயப்படுபொருள் என்பது என்ன என்ற கலைச்சொல் எதுவும் இல்லாமலேயே வாக்கியம் நின்றுவிடும். ஜப்பானிய வாக்கியத்தில் எழுவாய் மறைந்திருக்கும்போது 'யார்' பெட்டி காலியாகக் கிடந்து கண்ணை உறுத்தும், அதுதான் இதன் பெரிய பலன். 'வெரி ஹாட் டுடே' என்று எழுதுகிற பிள்ளைக்கு அந்தக் காலிப் பெட்டியைக் காட்டினால் போதும். உங்கள் பயிற்சித்தாள்கள் எல்லாவற்றிலும், முதல் ஆண்டிலிருந்து மூன்றாம் ஆண்டு வரை, இதே பெட்டி வரிசையை மாற்றாமல் வையுங்கள். ஒவ்வொரு வாரமும் புது வடிவமைப்பு போட்டு அசத்த வேண்டியதில்லை.

பெட்டிகளை நிரப்பும் இந்த எண்ணம் ஜப்பானுக்குப் பழையது. 1922இல் கல்வி அமைச்சகத்தின் ஆலோசகராக அங்கே போன ஹரால்ட் பால்மர் என்ற ஆங்கிலேயர், மறு ஆண்டு ஓர் ஆய்வுக் கழகம் தொடங்கி, ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றை வைக்கும் வாய்மொழிப் பயிற்சிகளை உருவாக்கினார். அவரோடு சேர்ந்த ஹார்ன்பி, ஒவ்வொரு வினைக்குப் பின்னாலும் என்ன வரும் என்று ஜப்பானிய மாணவர்களுக்காகத் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. அதுதான் பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் பெயரில் உலகமெங்கும் போய், நம் வீட்டு அலமாரிகளுக்கும் வந்து சேர்ந்தது. ஜப்பானியப் பிள்ளைகள் தடுமாறிய இடங்களிலிருந்து உருவான நூலை நாம் வைத்துப் படித்திருக்கிறோம்.

சரி, இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளுக்குப் போவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

'ஹேவ் யூ எவர்' வந்ததும் எல்லோரும் மறுபடி பிங்கோவை எடுப்பார்கள். 'ஹேவ் யூ எவர் க்ளைம்ப்ட் மவுன்ட் ஃபுஜி?' 'யெஸ், ஐ ஹேவ்.' அதோடு கதை முடிந்தது. ஆனால் பிள்ளைகளின் பிழை அந்தக் கேள்வியில் இல்லை. 'ஐ ஹேவ் பீன் டு ஒகினாவா லாஸ்ட் இயர்' என்று எழுதுவதில் இருக்கிறது. நம்மவர்களும் 'போன வருஷம் போயிருக்கேன்' என்ற நினைப்பில் இதே பிழையைச் செய்கிறோம். அனுபவத்தைக் கேட்க ஒரு வடிவம், அது எப்போது நடந்தது என்று வந்தவுடன் இன்னொரு வடிவம். அந்தத் தாவலை விளையாட்டு கட்டாயப்படுத்த வேண்டும். அதற்குப் பொய் விளையாட்டுதான் சரி. நான்கு பேர் குழு. ஒருவர் சீட்டு எடுக்கிறார். சீட்டில் 'உண்மை சொல்' அல்லது 'எதைக் கேட்டாலும் ஆமென்று சொல்' என்று இருக்கும். 'ஹேவ் யூ எவர் ஈட்டன் இனாகோ?' என்று மற்றவர்கள் கேட்பார்கள். இனாகோ என்றால் வெட்டுக்கிளி, நாகானோ பக்கம் சோயா சாற்றில் இனிப்பாகச் சுண்டவைத்துச் சாப்பிடுவார்கள். 'யெஸ், ஐ ஹேவ்' என்றதும் மூன்று குறுக்குக் கேள்விகள்: 'வென் டிட் யூ ஈட் இட்?', 'ஹூ டிட் யூ ஈட் வித்?', 'ஹவ் வாஸ் இட்?'. பிறகு உண்மையா பொய்யா என்று முடிவு சொல்ல வேண்டும். பொய்யன் தப்பித்தால் அவனுக்குப் புள்ளி.

இதற்கான தாளைக் குறுக்கே ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். கோட்டுக்கு மேலே 'ஹேவ்', கீழே 'டிட்'. காலம் காட்டும் சொல் எதுவும், 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் இயர்', 'வென்', கோட்டுக்கு மேலே போகக் கூடாது. விதி அவ்வளவுதான், விளக்கமே தேவைப்படாது.

வினையின் மூன்று வடிவங்களை, 'ஈட், ஏட், ஈட்டன்' என்று, மனப்பாடம் செய்ய மட்டும் சீட்டாட்டம் நல்லது. 'பாபாநுகி' என்று அவர்கள் சொல்லும் ஆட்டத்தில் ஜோடி சேர்த்துச் சேர்த்துச் சீட்டைக் கழிக்க வேண்டும். இங்கே மூன்று சேர்ந்தால் கழிக்கலாம். இது வடிவத்துக்கு மட்டும்தான், எப்போது எதைப் பயன்படுத்துவது என்பதற்கு இல்லை. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட்டாதீர்கள்.

செயப்பாட்டு வினையில் அவர்களுக்கே உரிய பிழை ஒன்று உண்டு: 'ஐ வாஸ் ஸ்டோலன் மை வாலட்'. யாரோ செய்ததால் எனக்குக் கஷ்டம் வந்தது என்பதைச் சொல்ல ஜப்பானியத்தில் செயப்பாட்டு வடிவத்தையே எடுக்கலாம். மழை பெய்து நனைந்ததைக்கூட 'மழையால் பெய்யப்பட்டேன்' என்ற தோரணையில் சொல்வார்கள். இதற்கு விளையாட்டு தேடாமல் பயிற்சித்தாளிலேயே முடித்துவிடுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் முதல் கேள்வி 'எது திருடப்பட்டது?' என்றிருக்கட்டும். பர்ஸ் முதல் பெட்டியில் போய் உட்கார்ந்துவிட்டால் வாக்கியம் தவறாகாது.

விளையாட்டு வேண்டுமென்றால் மூன்று குறிப்பு விடுகதை. தொடக்கப்பள்ளியிலிருந்தே அவர்களுக்குப் பழக்கம். 'இட் வாஸ் பில்ட் இன் 1397. இட் வாஸ் பர்ன்ட் இன் 1950. இட் வாஸ் ரீபில்ட் இன் 1955.' கின்காக்குஜி, கியோத்தோவின் பொற்கோயில். கட்டியது யார், எரித்தது யார் என்பது இங்கே முக்கியமில்லை, கட்டடம்தான் முக்கியம். செயப்பாட்டு வினை எதற்காக இருக்கிறது என்பது இப்படிப்பட்ட வாக்கியங்களில் தானாக விளங்கும். 'ஜான் ரோட் எ லெட்டர்' என்பதைத் திருப்பிப் போடும் பயிற்சியில் ஒருநாளும் விளங்காது. குழுவாகச் சேர்ந்து விடுகதை உருவாக்கச் சொல்லுங்கள். புள்ளிக் கணக்கில் ஒரு நெளிவு வையுங்கள்: மூன்றாவது குறிப்பில் யாராவது கண்டுபிடித்தால் உருவாக்கியவர்களுக்கு நிறையப் புள்ளி, முதல் குறிப்பிலேயே கண்டுபிடித்தாலும் கடைசி வரை கண்டுபிடிக்காவிட்டாலும் பூஜ்யம். குறிப்புகளை எந்த வரிசையில் சொல்வது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள், அதற்குள் ஆறேழு வாக்கியம் எழுதி அடித்திருப்பார்கள்.

பெயருக்குப் பின்னால் வரும் 'ஹூ', 'தட்' தொடர்களில் உங்கள் தமிழ் மூளை மிகவும் கைகொடுக்கும். 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதை ஜப்பானியத்தில் அப்படியே இதே வரிசையில் சொல்லலாம். ஆங்கிலத்தில் புத்தகம் முன்னால் குதித்துவிடும். இதற்கு 'நான்தேமோ பாஸ்கெத்தோ' என்ற நாற்காலி விளையாட்டு. வட்டமாக நாற்காலிகள், ஒன்று குறைவு. நடுவில் நிற்பவர் 'பீப்பிள் ஹூ ஹேவ் எ கேட்!' என்றதும் பூனை வளர்ப்பவர்கள் எழுந்து இடம் மாற வேண்டும். 'பீப்பிள்' என்று கேட்டவுடன் யாரும் நகர முடியாது, பின்னால் வருவதற்குக் காத்திருக்க வேண்டும். ஆங்கிலம் கேட்கும் காதுக்குத் தேவையான பொறுமை அதுதான். நடுவில் நிற்பவர் வாயடைத்துப் போகாமலிருக்க, சுவரில் பத்து வினைச்சொற்களை ஒட்டிவையுங்கள். மேசைகளை ஒதுக்க இடமில்லாத வகுப்பறையில் இதைச் செய்யாதீர்கள், யாராவது முழங்காலில் அடிபடுவார்கள். உடற்பயிற்சிக் கூடமோ பொது அறையோ கிடைத்தால் மட்டும்.

'இஃப்' வாக்கியங்களுக்கு அவர்களிடமே ஒரு பொக்கிஷம் இருக்கிறது. நூறு பழம்பாடல்களைக் கொண்ட ஹியாக்குனின் இஷ்ஷு சீட்டாட்டம். பாட்டின் முன்பாதியை ஒருவர் படிக்க, பின்பாதி எழுதிய சீட்டைத் தரையிலிருந்து தட்டிப் பறிக்க வேண்டும். பல பள்ளிகளில் புத்தாண்டை ஒட்டிப் போட்டியே நடக்கும், எனவே விதியை நீங்கள் விளக்க வேண்டியதில்லை. முன்பாதிக்கு 'இஃப்' பகுதி, பின்பாதிக்கு முடிவுப் பகுதி என்று எழுதிக்கொள்ளுங்கள். நுட்பம் சீட்டுகளை எழுதுவதில் இருக்கிறது. 'இஃப் இட் இஸ் சன்னி டுமாரோ' என்பதற்கு 'ஐ வில் கோ ஃபிஷிங்'. 'இஃப் ஐ வேர் எ பேர்ட்' என்பதற்கு 'ஐ வுட் ஃப்ளை டு யூ'. இவை சுலபம், பொருளை வைத்தே எடுத்துவிடலாம். அதனால் ஜோடி ஜோடியாக மயக்கும் சீட்டுகளைச் சேருங்கள்: 'இஃப் ஐ ஹேவ் டைம்' ஒன்று, 'இஃப் ஐ ஹேட் டைம்' ஒன்று, தரையில் 'ஐ வில் ஹெல்ப் யூ' ஒன்று, 'ஐ வுட் ஹெல்ப் யூ' ஒன்று. இப்போது 'ஹேவ்', 'ஹேட்' என்ற ஒரே ஓசைதான் சீட்டைத் தீர்மானிக்கிறது. தவறாகத் தட்டினால் கையிலிருக்கும் சீட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதல் சுற்று முடிந்ததும் நீங்கள் படிப்பதை நிறுத்திவிட்டு, படிக்கும் வேலையை ஒவ்வொரு குழுவிலும் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள். 'ஹேவ்' என்பதையும் 'ஹேட்' என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு அப்போது அவர்களுடையது.

ஒப்பீட்டுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். 'அதைவிட நீளம்' என்று நாம் சொல்வது போலவே அவர்களும் பெயரடையை மாற்றாமல் சொல்கிறார்கள், அதனால் 'எர்' விட்டுப்போகும். எண்கள் உள்ள சீட்டுகள் போதும்: ஷினானோ ஆறு 367 கிலோமீட்டர், தோனே ஆறு 322. ஃபுஜி 3,776 மீட்டர், அடுத்த உயரமான கித்தாதாகே 3,193. எண்ணை மறைத்து வைத்துப் பந்தயம் கட்டச் சொன்னால் வாக்கியம் தானாக வரும்.

'எ', 'தி' இரண்டையும் விளையாட்டால் கற்பித்த யாரையும் நான் பார்த்ததில்லை. ஜப்பானியத்தில் அவை கிடையாது, நமக்கும் கிடையாது. 'ஐ லைக் டாக்' என்றால் நாயிறைச்சி பிடிக்கும் என்றாகிவிடும் என்ற பழைய வேடிக்கையை ஒருமுறை சொல்லி, படங்களோடு ஒரு தாள் கொடுங்கள், தட்டில் கோழி, முற்றத்தில் கோழி என்று. மற்றபடி எழுத்தில் பார்க்கும்போது திருத்திக்கொண்டே போக வேண்டியதுதான்.

வகுப்பு நடத்தும் விதம் பற்றிச் சில வார்த்தைகள். தனியாக எழுப்பிக் கேள்வி கேட்டால் பல பிள்ளைகள் பேசவே மாட்டார்கள். தெரியாததால் அல்ல, முப்பது பேர் முன்னால் தவறிவிடக் கூடாது என்பதால். அதனால் 'ஹான்' என்ற நாலைந்து பேர் குழுவையே நம்புங்கள். மேசைகளை ஒட்டிப்போட அவர்களுக்கு நொடிக்கணக்கு போதும். யார் முதலில் என்ற தகராறு வந்தால் ஜான்கென், அதாவது கல், கத்தரி, காகிதம். அதன் தீர்ப்பை யாரும் மறுப்பதில்லை. தோற்றவரை வெளியே உட்காரவைக்கும் விளையாட்டு வேண்டாம், பயிற்சி அதிகம் தேவைப்படுகிறவர்தான் முதலில் வெளியேறுவார். கடைசிச் சுற்றுக்கு இரட்டைப் புள்ளி என்ற மலிவான தந்திரம் மூன்றாண்டும் செல்லுபடியாகும்.

பயிற்சித்தாளை அங்கே 'புரின்தோ' என்பார்கள். தாள் அளவு பற்றிப் பள்ளியில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பி5, பி4 அளவுகள் இன்னும் நிறையப் புழங்குகின்றன, மாணவர்களின் கோப்பு எந்த அளவோ அதே அளவில் அடியுங்கள். அச்சு பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் வேகமாக ஓடும் நகல் எந்திரத்தில். வண்ணத்தை நம்பி வடிவமைத்தால் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். மேலே வகுப்பு, வரிசை எண், பெயர் மூன்றுக்கும் இடம். ஆங்கில எழுத்துரு கையெழுத்தைப் போல இருக்க வேண்டும், அச்சுப் புத்தகங்களில் வரும் கொக்கி வைத்த 'ஏ' முதல் ஆண்டுப் பிள்ளைகளைக் குழப்பும். சொல்லுக்கு மேலே கத்தகானா என்ற ஜப்பானிய எழுத்தில் உச்சரிப்பு எழுதாதீர்கள், எழுதினால் அதை மட்டும்தான் படிப்பார்கள். படங்களுக்கு இராசுதோயா என்ற தளம் போதும். 2012இல் தொடங்கியது, எந்தச் சூழலுக்கும் ஒரு படம் இருக்கும், பள்ளித் தாளுக்குக் காசும் கேட்பதில்லை. பாடநூல் பக்கத்தை வெட்டி ஒட்டி இணையத்தில் போடுவதெல்லாம் வேண்டாம்.

ஒரு தாளில் ஒரு பக்கம்தான். மூன்றில் இரண்டு பங்கு எல்லோராலும் முடிக்கக்கூடியதாக இருக்கட்டும், கடைசியில் தன்னைப் பற்றி இரண்டு வரி எழுதும் காலியிடம். நான் திருத்தும்போது முதலில் பார்ப்பது அந்த இரண்டு வரியைத்தான். கோடிட்ட இடத்தில் சரியாக நிரப்பியவன் அங்கே 'ஐ ஆம் ப்ளே' என்று எழுதியிருப்பான், அடுத்த வாரத்துக்கான விளையாட்டு எது என்று அப்போதே தெரிந்துவிடும்.

திருத்தும்போது நம் ஊர் வழக்கத்தை மறந்துவிடுங்கள். சரியான விடைக்கு நாம் போடும் 'டிக்' அங்கே தவறு என்று பொருள்படும். சரிக்கு வட்டம், பாதிச் சரிக்கு முக்கோணம், பிரமாதம் என்றால் வட்டத்தைச் சுற்றிப் பூவிதழ். பத்தும் சரியாக எழுதிய பிள்ளையின் தாளில் பத்து 'டிக்' போட்டுக் கொடுத்தால் முகம் வாடிவிடும்.

கடைசியாக, எதை அச்சடிக்கும் முன்பும் உங்களோடு பாடம் எடுக்கும் ஜப்பானிய ஆசிரியரிடம் இரண்டு நாள் முன்னதாகவே காட்டிவிடுங்கள். அவர் இன்னும் சொல்லிக்கொடுக்காத ஒரு வடிவம் உங்கள் தாளில் எட்டிப் பார்த்தால் வகுப்பில் சங்கடப்படுவது அவர்தான். 'இந்தப் பாடத்தில் போன ஆண்டுப் பிள்ளைகள் தேர்வில் எதைத் தப்பாக எழுதினார்கள்?' என்று ஏப்ரல் முதல் வாரத்திலேயே அவரிடம் கேளுங்கள். பழைய விடைத்தாள்களிலிருந்து அவர் சொல்லும் ஐந்தாறு பிழைகள் முதல் பருவம் முழுவதற்கும் போதும்.